பிரம்மகமலம் (நிஷாகந்தி): சாட்டை சாட்டையாக வளர்கிறது, மொட்டு மட்டும் வருவதில்லை

தாம்பரம்_மாடி
வணக்கம். நான்காவது வருடச் செடி. 14 அங்குல சிமென்ட் தொட்டி, செம்மண்ணும் தொழுவுரமும் சரிபாதி. மொட்டைமாடியில் மேற்குக் கைப்பிடிச்சுவர் ஓரம் இருக்கிறது. போர் தண்ணீர், தினமும் ஒரு சொம்பு. மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். ஐந்தாறு அடிக்கு உருண்டைக் குச்சிகள் சாட்டை மாதிரி கிளம்பி நிற்கின்றன. தட்டை இலைகள் கீழே மட்டும்தான், அவையும் வெளிறிப்போய் இருக்கின்றன. சாட்டையை வெட்டலாமா? கள்ளிதானே, தண்ணீரை நிறுத்தினால் பூக்கும் என்கிறார்களே, சரியா? இப்போது ஜூன் தொடக்கம், இந்த மாதமே தொட்டி மாற்றலாமா?

கள்ளிக்காடு
கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலைவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அறிவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம்; தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகளில் மரக்கிளைக் கவட்டையில் சேரும் இலைமக்கில் வேர்விட்டு வாழும் தொற்றுச்செடி. ஒட்டுண்ணி இல்லை, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. அங்கே மழை அடிக்கடி பெய்யும், ஆனால் தண்ணீர் வேரில் தங்காது. மேலே இலைக்கூரை இருப்பதால் வெயில் சல்லடையாகத்தான் விழும். தொட்டி, மண், தண்ணீர், வெயில் நான்கையும் இந்தக் கவட்டையை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

நீங்கள் சொன்னதில் தொட்டிதான் முதல் சிக்கல். இதன் வேர் மெல்லியது, மேலாக ஓடுவது. 14 அங்குலத் தொட்டியில் அது நிரப்புவது மேல் மூன்றில் ஒரு பங்கைத்தான். கீழே இருக்கும் மண்ணிலிருந்து தண்ணீரை எடுக்க ஆள் இல்லை, அதனால் அது வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். செம்மண் போகப்போக இறுகிக் காற்று புக வழியில்லாமல் போகும். காற்று இல்லாத ஈரத்தில் வேர்நுனி அழுகும். நுனி அழுகினால் தொட்டியில் சத்து எவ்வளவு இருந்தாலும் மேலே ஏறாது. வெளிறலுக்கு அதுவே போதும், போர் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். உங்கள் செடிக்கு 8 அங்குலம் தாராளம். வேர் தொட்டியைக் கொஞ்சம் நெருக்கினால்தான் இது பூப்புக்குத் திரும்பும்.

அடுத்தது புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) நூற்றுக்கு 7 பங்கு வரை இருக்கும், தொழுவுரம் வேறு. இரண்டும் சேர்ந்தால் செடிக்குப் பூக்க அவசரம் இருக்காது, குச்சி நீட்டிக்கொண்டே போகும். புண்ணாக்கை இன்றே நிறுத்துங்கள்.

மண்கலவை, அளவுக் கணக்கில் (எடை அல்ல): அரை அங்குலத் தேங்காய் மட்டைத் துண்டு 4 பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) 2, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்பொரி) அல்லது பொடி சலித்த செங்கல் சல்லி 2, மக்கிய இலை அல்லது மண்புழு உரம் 1, கடலை அளவுக்கு உடைத்த மரக்கரி 1. மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு "கோகோபீட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. எம்-சாண்ட் வேண்டாம், அதன் மாவு துளைகளை அடைத்துவிடும்.

கொங்கு_வேர்
கள்ளிக்காடு அண்ணா சொன்னதில் மண், தொட்டி ரெண்டுமே சரிங்க. சாட்டை விஷயம் நான் சொல்றேன்.

இந்தச் செடியில நாம இலைன்னு சொல்றது இலையே இல்லைங்க, தட்டையான தண்டு. ரெண்டு வகைத் தண்டு வரும். உருண்டையா, அடி மரத்துப்போய், நேரா மேலே போறது முதல் வகை. அது சாரம் மாதிரி, செடியைத் தூக்கிப் பிடிக்கிறதுதான் அதோட வேலை. அதுல இருந்து பக்கவாட்டுல கிளம்பற தட்டைத் தண்டுதான் பூக்கிற வகை. தட்டையோட ஓரத்துல அலை அலையா வெட்டு இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்குள்ளயும் ஒரு கண். மொட்டு அந்தக் கண்ணுல இருந்துதான் வரும். ஒரு கண் ஒரு தடவைதான் பூக்கும், ஆனா ஒரு தட்டையில பத்துப் பதினஞ்சு கண் இருக்கறதால அதே தட்டை பல வருஷம் பூத்துட்டே இருக்கும். அதனால பழசாயிருச்சு, தழும்பாயிருச்சுன்னு தட்டையை வெட்டிப் போட்டுடாதீங்க. பூக்காத செடின்னு சொல்லி வர்றதுல பாதி, வருஷா வருஷம் "சுத்தம்" பண்ணிப் பூக்கிற தட்டையை எல்லாம் கழிச்ச செடிங்க.

சாட்டையை அடியோட வெட்டாதீங்க. மூணு அடி உயரத்துல நுனியை மட்டும் கிள்ளுங்க. ரெண்டு விரக்கடை போதும். நுனி போனா மேல்நோக்கிப் போற வேகம் நின்னு, கீழ இருக்கற கண்ணுங்க முழிக்கும், பக்கத் தட்டை வரும். அந்தத் தட்டை முத்தினாத்தான் மொட்டு. அதுக்கு ஒரு பூப்பருவமாவது காத்திருக்கணும். மூணு நாலு சாட்டைக்கு மேல இருந்தா மெலிஞ்சதை மட்டும் அடியோட எடுத்திருங்க.

நட்டுவச்ச மூங்கில்ல தண்டைக் கட்டுறப்ப கம்பி வேண்டாம். பழைய காட்டன் புடவைக் கரையை எட்டு வடிவத்துல தளர்வாக் கட்டுங்க. பூ வர்றப்ப அந்தத் தட்டையோட எடை கூடும், இறுக்கமா இருந்தா கட்டின இடத்துலயே ஒடியும்.

தாம்பரம்_மாடி
நன்றி அண்ணா. மேற்கு வெயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிழலுக்குக் கொண்டுபோனால் பூக்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கள்ளிக்காடு
வீடியோ சொன்னதில் பாதி உண்மை. வெளிச்சம் போதாமல் பூக்காது, மேற்கு வெயிலிலும் பூக்காது. தட்டையின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடர்பச்சையாக, மெலிந்து, நீளமாக இருந்தால் வெளிச்சம் குறைவு. இளம்பச்சையில் ஓரம் லேசாகச் செம்மை தட்டினால் அதுதான் எல்லை, இனி ஏற்றக்கூடாது. நடுவில் வெளுத்துப் பிறகு பழுப்பாகத் தக்கை மாதிரி ஆனால் சுட்டுவிட்டது. சுட்ட இடம் பச்சைக்குத் திரும்பாது.

கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் 9:30 வரை வெயில், பிறகு நல்ல வெளிச்சம். இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மொட்டைமாடிதான் வழி என்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் தளத்தின் சூடே வேரை வேகவைக்கும். ஓரடி உயர ஸ்டாண்டில் ஏற்றி, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டலாம். சிமென்ட் தொட்டி பகல் சூட்டை இரவு வரை பிடித்து வைத்திருக்கும், அதற்காகவும் அதை மாற்றுங்கள்.

குன்னூர்_மூடுபனி
தண்ணீரை நிறுத்துவது பற்றி. வெளிநாட்டுக் குறிப்புகளில் "நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு" என்று இருக்கும். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு எழுதியது. எங்கள் பக்கம் அது பொருந்தும். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் செடியை உள்ளே எடுத்துத் தண்ணீரைப் பாதியாக்குகிறோம். உறைபனி பட்டால் தட்டை ஒரே இரவில் கண்ணாடி மாதிரி ஆகிக் கூழாகிவிடும்.

தாம்பரம்_மாடி
இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரைதானே மழையே கொட்டுகிறது? உலர்ந்த ஓய்வு எப்படிக் கொடுப்பது?

கள்ளிக்காடு
அந்த மாதங்களில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்தி, மழை நேரடியாகத் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓய்வு என்றால் இங்கே ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. உரம் கிடையாது, தண்ணீர் இடைவெளி இரட்டிப்பு. பிறகு தண்ணீரையும் சாம்பல்சத்தையும் (பொட்டாஷ்) கூட்டினால் கோடைமழை ஒட்டி மொட்டு கிளம்பும். சமவெளியில் ஜூன் முதல் அக்டோபர் வரை அலை அலையாகப் பூக்கும்.

கொங்கு_வேர்
இதுல எனக்கு முழு உடன்பாடு இல்லைங்க அண்ணா. இடைவெளி இரட்டிப்புன்னு சொன்னா புதுசா வளர்க்கறவங்க மாசக்கணக்குல காயப்போட்டுருவாங்க. கோவையில பிப்ரவரிக் காத்தே உலர்காத்து. தொட்டி முழுக்கக் காஞ்சா மெல்லிய வேரெல்லாம் செத்துப்போகும். மறுபடி தண்ணி ஊத்தினா அந்தச் செத்த வேர்ல இருந்துதான் அழுகல் தொடங்கும். ஓய்வுன்னா உரத்தை நிறுத்துங்க, தண்ணியைக் குறைங்க, வறண்டு போக விடாதீங்க. பெர்லைட்டும் மட்டையும் அதிகமா இருக்கிற கலவைக்கு இடைவெளி ஒண்ணரை மடங்கே போதும்.

கள்ளிக்காடு
சரி, "இரட்டிப்பு" என்பதை விடுங்கள். நாள் கணக்கே தவறான அளவுகோல். துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கீழ்ப்பாதி நிறம் மாறி ஈரமாக வந்தால் தண்ணீர் வேண்டாம். அடிநுனியில் ஓரங்குலம் மட்டும் ஈரம் என்றால் ஊற்றலாம். ஊற்றும்போது சொம்புக் கணக்கு வேண்டாம், அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்கள். நான் சொன்ன மட்டைக் கலவையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மேல் ஈரம், அடி வறட்சி, உப்பு நடுவில் தங்கும்.

தட்டை சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். வறட்சியிலும் சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஈர்க்குச்சி காய்ந்து வந்தால் தாகம். குச்சி ஈரம், தட்டை சுருக்கம் என்றால் வேர் போய்விட்டது. அப்போது தண்ணீர் ஊற்றுவது கொலை.

யாழ்_முற்றம்
தண்ணியைப் பற்றி நான் ஒண்டு சொல்லவேணும். எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. அப்பிடிப்பட்ட தண்ணிய விட்டா ஆறேழு மாசத்தில சாடியின்ர விளிம்பில வெள்ளை படியும், புதுத் தட்டை மஞ்சளா வரும். மண்ணில இரும்பு இருக்கும், ஆனா காரம் கூடினபடியால் வேர் அதை எடுக்காது. புதுத் தட்டைதான் முதல்ல மஞ்சளாகும் எண்டதைக் கவனியுங்கோ. பழசு முதல்ல மஞ்சளானா அது தழைச்சத்துக் குறை.

மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுப் பாவிக்கிறதுதான் நல்லது. அது இல்லையெண்டா 2 லிட்டர் தண்ணிக்கு அரைத் தேசிக்காய் (எலுமிச்சை)ச் சாறு விட்டு, காரப்பரிசோதனைத் தாளில (pH தாள்) 6 தொடக்கம் 6.5 வருதோ எண்டு பாருங்கோ. கூடினா இன்னும் சில துளி. மாசம் ஒருக்கா சாடியின்ர கொள்ளளவைப் போல மூண்டு மடங்கு மழைத்தண்ணியை மெதுவா ஊத்தி உப்பைக் கழுவி விடுங்கோ. இரும்பு குடுக்கிறதெண்டா இடிடிஏ (EDTA) வகை காரமண்ணில நிலைக்காது, இடிடிஎச்ஏ (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கோ. லிட்டருக்கு அரைக் கிராம், வேருக்கு.

ஆர்.ஓ. மெசினில இருந்து வெளியேறுற கழிவுத் தண்ணியை மட்டும் விடாதேங்கோ. உப்பு முழுக்க அதிலதான் போகுது.

மல்லிப்பந்தல்
சாம்பல்சத்துக்கு வாழைப்பழத் தோல் ஊறல் போதாதா? முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறேன்.

கள்ளிக்காடு
தோல் ஊறலில் சாம்பல்சத்து இருக்கும், ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, கூடவே கொசுறாகச் சின்ன ஈக்கள் வரும். தோலை மக்கவைத்துப் போடுங்கள், ஊறலாக வேண்டாம். முட்டை ஓடு சுண்ணாம்பு. யாழ்_முற்றம் சொன்ன சிக்கலை நாமே காசில்லாமல் வரவழைப்பதுதான் அது.

அளவு இதுதான். மார்ச், ஏப்ரலில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள கரையும் உரம்), லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை. மே முதல் மொட்டு தெரியும்வரை 0:52:34 (தழைச்சத்து இல்லாதது), அதே 1 கிராம், அதே இடைவெளி. மொட்டு சுண்டுவிரல் நீளம் வந்ததும் உரத்தை நிறுத்திவிடலாம். காய்ந்த வேரில் உரம் ஊற்றாதீர்கள், முதல்நாள் வெறும் தண்ணீர் விட்டு மறுநாள் உரம். பாக்கெட்டில் லிட்டருக்கு 5 கிராம் என்று போட்டிருக்கும், அது வயலுக்கு. தொற்றுச்செடிக்கு அந்த அளவு கொடுத்தால் வேர்நுனி கருகும்.

மல்லிப்பந்தல்
என் செடியில் போன வருடம் இருபது மொட்டு வந்து, பட்டாணி அளவிலேயே எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. காரணம் என்ன?

கொங்கு_வேர்
அக்கா, இருபதும் நிக்காதுங்க. செடி தன்னால தாங்க முடிஞ்சதை மட்டும் வச்சுட்டு மிச்சத்தை விட்டுரும். ஆனா மொத்தமும் உதிர்ந்தா மூணுல ஒண்ணு நடந்திருக்கும். மொட்டு வந்தப்ப தொட்டியை நகர்த்தியிருப்பீங்க, இல்ல திருப்பி வச்சிருப்பீங்க. வெளிச்சம் வர்ற பக்கம் மாறினா மொட்டு பிழைக்காது. அதுக்குத் தொட்டி விளிம்புல சுவர்ப்பக்கம் சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வச்சிருங்க. ரெண்டாவது, ஒரு நாள் முழுக்கக் காஞ்சு மறுநாள் வெள்ளமா ஊத்தியிருப்பீங்க. மூணாவது அசுவினி. மொட்டுக் காம்புல சின்னதாப் பச்சையாவோ கறுப்பாவோ கூட்டமா ஒட்டியிருக்கும். தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலே போயிரும்.

கண்ணுல முளைக்கிறது மொட்டா, புதுத் தட்டையான்னு எப்படிப் பார்க்கறதுன்னா, தட்டைன்னா முளை சப்பையா, மெல்லிய முடி மாதிரி இருக்கும். மொட்டுன்னா உருண்டையா, கூர்மையா, செம்பழுப்பா இருக்கும். தெரிஞ்சதுல இருந்து விரியறதுக்கு மூணு நாலு வாரம். காம்பு ஒரு சாண் நீண்டு முதல்ல கீழே தொங்கும். ரெண்டு மூணு நாள் இருக்கறப்ப கழுத்தை மேல் பக்கம் வளைச்சுத் தூக்கும், நுனி பருக்கும். விரியற அன்னைக்குச் சாயங்காலமே வெளியில இருக்கற செம்பழுப்பு இதழ் உடம்பை விட்டு விலகி நிக்கும், வெள்ளை நுனி பிரியும். ராத்திரி 8 மணிக்கு மேல விரிய ஆரம்பிச்சு, நடுராத்திரிக்குள்ள முழுசா நிக்கும், விடியறதுக்குள்ள வாடிரும். அந்தச் சாயங்காலம் மட்டும் தொட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவரலாம், ஒண்ணும் ஆகாது. அதுக்கு முந்தி வேண்டாம்.

திருச்சி_தொட்டி
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். உருண்டைக் கள்ளி ஒன்று, உச்சியில் மஞ்சள் பூவோடு வாங்கியது. மாதக்கணக்கில் பூ வாடவே இல்லை. இது எந்த வகை?

குன்னூர்_மூடுபனி
பசை வகை. காகிதம் மாதிரி சரசரக்கும் உலர்பூவைச் சூட்டுப்பசையால் ஒட்டி விற்கிறார்கள். இதழில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், ஈரத்தில் மடங்கிக் காய்ந்ததும் திரும்ப விரிந்தால் அதுதான். மெதுவாக ஆட்டிப் பிய்த்துவிடுங்கள், வளர்நுனி பசைக்கு அடியில் மாட்டியிருக்கும். சிவப்பு, மஞ்சள் பந்தாகப் பச்சைக் குச்சியின் மேல் உட்கார்ந்திருப்பதும் பூ இல்லை, பச்சையம் இல்லாத கள்ளியை இன்னொரு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டியது.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: டிசம்பரில் பூத்தபடி விற்கும் கிறிஸ்துமஸ் கள்ளியைச் சமவெளிக்காரர்கள் வாங்கினால் அந்த ஒரு பூப்போடு திருப்தி அடையுங்கள். தொடர்ந்து ஆறு வாரம் 13 மணி நேரத்துக்குக் குறையாத இருட்டும், 18 டிகிரிக்குக் கீழான இரவும் அதற்கு வேண்டும். இருட்டைப் பெட்டி கவிழ்த்துக் கொடுத்துவிடலாம். குளிருக்குச் சென்னையில் எங்கே போவது?

தாம்பரம்_மாடி
தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாகிவிட்டது. வேரில் முக்கால்வாசி பழுப்பு, இழுத்தால் உறை மாதிரி உருவிக்கொண்டு வருகிறது. உள்ளே நூல் மட்டும். தொட்டிச் சுவர் ஓரம் பஞ்சு மாதிரி வெள்ளையாகவும் இருக்கிறது. இரண்டு சாட்டை அடியில் மெத்தென்று ஆகி வாடை அடிக்கிறது. மொட்டு எதுவும் இல்லை.

கள்ளிக்காடு
மொட்டு இல்லாததால் காத்திருக்க வேண்டாம், இப்போதே செய்யுங்கள். அக்டோபர் மழைக்குள் மூன்று மாதத்துக்கு மேல் வேர்பிடிக்கக் கிடைக்கும்.

வெள்ளைப் பஞ்சு வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணில் ஒரு பிடிகூடத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், வேறு தொட்டியிலும் கொட்டாதீர்கள். ஓடும் தண்ணீரில் வேரைக் கழுவி, உருவிக்கொண்டு வரும் வேர் முழுவதையும் வெட்டி எடுங்கள். லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 2 மில்லி கலந்து அதில் மிச்ச வேரைப் பத்து நிமிடம் முக்கி, நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். மேலே தண்டில் மாவுப்பூச்சி தெரிந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் போதும். எறும்பு ஏறினால் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். மாவுப்பூச்சியை இடம் மாற்றிக் குடிவைப்பதே எறும்புதான்.

மெத்தென்ற சாட்டையை மெத்தான இடத்துக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே. வளையமே இல்லாமல் முழுப்பச்சை தெரியும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். துடைக்காமல் வெட்டினால் நோயை நீங்களே மேலே ஏற்றுகிறீர்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்து வெட்டுமுகத்தில் பூசுங்கள்.

இவ்வளவு வேர் போன செடிக்கு 8 அங்குலமும் பெரிது, 6 அங்குலத்தில் வையுங்கள். முதல் வாரம் தண்ணீர் இல்லை, உரம் ஆறு வாரத்துக்கு இல்லை. இந்தப் பருவத்தில் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

கொங்கு_வேர்
கூடவே பதியனும் போட்டு வச்சிருங்க, தாய்ச்செடி போனாலும் வகை தங்கும். உருண்டைச் சாட்டை வேண்டாம், முத்தின தட்டையா ஒரு சாண் நீளத்துக்கு எடுங்க. வெட்டினதும் எது அடி எது நுனின்னு மார்க்கர்ல அம்புக்குறி போட்டிருங்க, தலைகீழா நட்டா வேர்பிடிக்காம அழுகும். நிழல்ல ஒரு வாரம் காயட்டும், மழை ஈரம் இருந்தா பத்து நாள். வெட்டுமுகம் தோல் மாதிரி மூடினப்புறம் ரெண்டு அங்குலம் ஆழத்துல ஊனுங்க. கலவை லேசான ஈரத்துல இருக்கட்டும், தண்ணி ஊத்த வேண்டாம், வேணும்னா தட்டை மேல மட்டும் தெளிங்க. மூணு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள லேசா இழுத்துப் பாருங்க, பிடிமானம் இருந்தா வேர் வந்தாச்சு. முத்தின தட்டையில இருந்து போட்டா ரெண்டு மூணு வருஷத்துல பூக்கும். ஒரு தொட்டியில மூணு பதியன் சேர்த்து வச்சா தொட்டி சீக்கிரம் நிறையும்.

விதைக்குக் காத்திருக்காதீங்க. தன் மகரந்தத்துல தானே காய்க்காத செடி இது.

யாழ்_முற்றம்
மழை தொடங்கினாப் பிறகு இரவில ஒருக்கா டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. புதுத் தட்டையின்ர நுனியை நத்தை ஒரே இரவில தின்டு போடும். கையால எடுத்துப் போடுறதுதான் வழி. உப்புப் போட்டா நத்தையோட கண்டும் போகும்.

தாம்பரம்_மாடி
செங்கல் சல்லியை எந்தச் சல்லடையில் சலிப்பது?

கள்ளிக்காடு
மாவு சல்லடை வேண்டாம், மணல் சலிக்கும் கம்பிச் சல்லடை. கீழே விழும் தூளை எறிந்துவிட்டு மேலே நிற்பதில் கொண்டைக்கடலைக்கு மேலே பெரிதானதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அவை தொட்டியின் அடியில் போட ஆகும் என்று சிலர் சொல்வார்கள். போடாதீர்கள். அடியில் சல்லி அடுக்கினால் அதற்கு மேல் உள்ள கலவையில் ஈரம் தேங்கும், வேர் இருக்கும் உயரத்துக்குத் தண்ணீரை நீங்களே ஏற்றிவிட்டதாக ஆகும். துளையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்று, அதற்கு மேல் நேரே கலவை.